ரெட் ஆக்ஸைடு டிராகன்

பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசனை முதலில் மூக்குக்கு வராது, கண்ணுக்குத்தான் வரும். குமணன்சாவடியில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் மண்பாதையில் கால் வைத்ததுமே இமையோரம் லேசாக எரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு, தேய்த்துப் போட்ட உப்புத்தாளும், தகரத்தின் பள்ளங்களில் பூசிக் காய்ந்துகொண்டிருக்கும் பட்டியும், வெயிலில் சுட்ட தகரமும் கலந்த நெடி தொண்டையில் வந்து உட்காரும். கடைசியாகத்தான் சலீம் பாயின் லாரி பெயிண்டிங் ஷெட் கண்ணில் படும். இன்றைக்கும் தெருவில் யாரோ தங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வாசனை வந்தால், எனக்கு ஞாபகம் வருவது ஒரு டிராகன்.

சலீம் பாயின் மகன் அனஸ் ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். சதீஷும் முரளியும் காட்டுப்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷெட்டில் வேலை நின்றதும், பெயிண்டுக்காக நிறுத்தியிருக்கும் ஏதாவது ஒரு லாரியின் கேபினில் நாங்கள் நாலு பேரும் ஏறிக்கொள்வோம். சீட்டைக் கழற்றி வெளியே போட்டிருப்பார்கள். வெறும் தகரத் தரையில் கோணியை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டால், நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம்கூட வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல இருக்கும். அங்கேதான் நாங்கள் "கதையாட்டம்" ஆடினோம்.

ஆட்டம் இதுதான். ஒருவன் கதையை நடத்துவான்; மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாகப் போவார்கள். "குகைக்குள்ளே இருட்டாக இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துகிறவன் கேட்பான்; அவர்கள் செய்வதைச் சொல்வார்கள்; அது பலிக்குமா பலிக்காதா என்று யாருக்கும் தெரியாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அதற்கு இருபது முகம் உள்ள பகடை வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது. அனஸ்தான் ஷெட்டிலிருந்து போல்ட்டில் மாட்டும் இருபது இரும்பு வாஷர்களைப் பொறுக்கி எடுத்து, லாரி முதுகில் எழுதும் அதே மஞ்சளும் சிவப்புமான நிழல் எழுத்தில் ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு, காலி பெயிண்ட் டப்பாவில் கொட்டிக் குலுக்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். பெரிய எண் வந்தால் பலித்தது, சின்ன எண் வந்தால் போயிற்று. அந்த டப்பா குலுங்கும் சத்தம் கேட்டால் முரளி கையை லுங்கியில் துடைத்துக்கொள்வான், என்னவோ பரீட்சை ஹாலுக்குள் போகிறவன்போல.

கதையை நடத்துகிறவன் நான். அதற்குக் காரணம் என் திறமையல்ல. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான் என்பதால், ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து ரேஷன் கடை அறிவிப்பு வரை அச்சடித்த எதுவாக இருந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் தெருவுக்கும் பரவி, நண்பர்களுக்கும் நான் "படிச்ச புள்ள" ஆகியிருந்தேன். மூட்டை தூக்கும் என் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம், "நீ பேனாவ மட்டும் தூக்குடா, போதும்" என்று சொல்வார். பிரவுசிங் சென்டரில் சதீஷ் எங்கிருந்தோ தோண்டி எடுத்த, இந்த ஆட்டத்துக்கான இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வேலையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் போட எங்களால் முடியாது. படம் நன்றாக இருந்த பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவை எல்லாமே டிராகனைப் பற்றிய பக்கங்கள்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஆட்டத்தில் பூதங்கள், குள்ளர்கள், எலும்புக்கூடுகள், நடக்கும் மரங்கள் என்று எத்தனையோ எதிரிகள் உண்டு என்பதும், டிராகன் எப்போதாவது கடைசியில் ஒரு தடவை வரும் பெரிய எதிரி என்பதும் எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பொறுத்தவரை ஆட்டம் என்றாலே டிராகன். உலகத்தில் வேறு எதிரியே கிடையாது. ஆகவே முழு ஆட்டத்தையும் ஒரே ஒரு டிராகனை வைத்து ஓட்ட வேண்டிய பொறுப்பு, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்த என்மேல் வந்து சேர்ந்தது.

நான் செய்த முதல் டிராகன் ஒரே மதியத்தில் செத்துப்போனது. உடம்பு பெரியது, பலம் பெரியது, பல் பெரியது என்று எண்களாக எழுதி வைத்திருந்தேன். மூன்று பேரும் மூன்று பக்கமும் நின்றுகொண்டு மாற்றி மாற்றி வெட்டினார்கள். அவர்கள் மூன்று முறை அடித்தால் அதற்கு ஒரு முறைதான் திருப்பி அடிக்க வாய்ப்பு வந்தது. செத்து விழுந்ததும் அனஸ் வாஷர் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னா மாமே இது? கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்னுகினு அடி வாங்குது. பாவமா கீதுடா" என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் கோபத்தில் ஒன்றைச் செய்தேன். அது வாயைத் திறந்து ஒரே மூச்சு நெருப்பு விட்டதில் மூன்று வீரர்களும் கேபினில் கோணியை விரித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சாம்பல். முரளி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான்.

எளிதில் சாகும் டிராகனும் வேண்டாம், சாகவே சாகாத டிராகனும் வேண்டாம் என்றால் நடுவில் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் சலீம் பாய் கேபின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, படத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். லாரி முதுகில் புலியும் கழுகும் தாமரையும் வரைகிறவர்.

"இதுக்கு மூக்கு சின்னதா போட்டுட்டாங்க தம்பி" என்றார். "இவ்ளோ பெரிய ஒடம்பு. காத்து எப்டி பத்தும்?"

"நெருப்பு உடும் பாய்" என்றான் சதீஷ்.

"உடட்டும். உட்டுட்டு மறுபடி இழுக்கணும்ல?"

அவ்வளவுதான் சொன்னார். பிரிண்ட் கறுப்பு வெள்ளை என்பதால் டிராகன் என்ன நிறம் என்றே எங்களுக்குத் தெரியாது. போகிற போக்கில் அவரே "ப்ரைமர் அடிச்ச மாதிரி வெச்சிக்கோங்க, ரெட் ஆக்ஸைடு" என்று அதையும் முடித்துவிட்டார். தகரத்தில் முதல் பூச்சாக அடிக்கும் செங்காவி நிறம் அது. அவர் திரும்பி ஸ்ப்ரே கன்னை எடுத்தார். நான் அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தேன். கன் கொஞ்ச நேரம் "புஸ்ஸ்" என்று ஒரே சீராகப் பீய்ச்சும். தொட்டியில் காற்று குறையக் குறையச் சத்தம் மெலிந்துகொண்டே போகும். அப்போது மூலையிலிருக்கும் கம்ப்ரஸர் மோட்டார் தானாகக் கிளம்பி "தடதட" என்று அலறிக் காற்றை நிரப்பும். நிரம்பும் வரை சலீம் பாய் கன்னைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

என் டிராகனுக்கு அந்தக் காத்திருப்பைக் கொடுத்தேன். நெருப்பு விட்டுவிட்டால் அதன் மூச்சுத் தொட்டி காலி. அதன் முறை வரும்போதெல்லாம் நான் டப்பாவிலிருந்து ஒரு வாஷர் எடுப்பேன். பதினைந்துக்கு மேல் வந்தால்தான் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். எடுத்த எண்ணை அவர்களுக்குக் காட்ட மாட்டேன். அதுவரை அது மூச்சுக்குத் தவிக்கும், அந்த இடைவெளியில்தான் அடிக்க முடியும். பிறகு பல வருடங்கள் கழித்து முழுப் புத்தகத்தைப் படித்தபோது கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு விதி அதிலேயே இருப்பதைப் பார்த்தேன். நாங்கள் பிரிண்ட் போடாத பக்கத்தில் இருந்திருக்கிறது.

தவிக்கும் சத்தத்தை நான் தொண்டையால் செய்து காட்டினேன். "அப்டி இல்லடா" என்றான் அனஸ். "உள்ள இழுக்கும்போது சத்தம் வரக்கூடாது. வெளிய உடும்போதுதான் வரணும். விசில் மாதிரி, சன்னமா." செய்து காட்டினான். கேபினுக்குள் உண்மையாகவே ஏதோ பெரிய பிராணி வந்து படுத்ததுபோல இருந்தது. சதீஷுக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. நான் அதைக் கற்றுக்கொள்ளும் வரை அனஸ் விடவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த டிராகனை நான் கட்டினேன். உடனே கண்ணில் காட்டவில்லை. முதலில் ஓலை கருகிய ஒற்றைப் பனை. அப்புறம் ஆடு இல்லாத பட்டி, ஆனால் கதவு உடையவில்லை. அப்புறம் ஒரு கிராமம்; அங்கே யாரும் அதை டிராகன் என்று சொல்வதில்லை, குரலைத் தாழ்த்தி "பெரியவர்" என்பார்கள். பெரியவர் குகைக்குள்ளே, ஏரி மதகின் மேல் படுத்திருக்கிறார், அதனால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. புத்தகத்தில் டிராகன் தங்கக் குவியலின் மேல் படுத்திருக்கும். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன், முரளி, "தங்கத்த வெச்சிக்கினு அது இன்னா பண்ணும்? அதுக்கு இன்னா பொண்ணு கல்யாணமா?" என்று கேட்டுவிட்டான். தண்ணீர் என்றதும் யாரும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டு நின்றவர்கள் நாங்கள்.

ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒரு ஞாயிறு வர முடியாவிட்டால், அவனுடைய வீரன் குகை வாசலில் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். அவனுக்கு ஆபத்து வராது, அவனை விட்டுவிட்டு யாரும் ஊருக்குப் போகவும் முடியாது. அரைப் பரீட்சைக்குப் பிறகு, கயிறு பிடித்து நிற்பது எப்போதும் அனஸின் வீரனாகிவிட்டது.

சலீம் பாயின் இருமல் முதலில் இருமலாகத்தான் இருந்தது. பிறகு ஏணியில் நாலு படி ஏறினால் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் பெயிண்ட் வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை. அனஸ் "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றான். ஞாயிறும் வேலை வந்தது. நாங்கள் கேபினுக்குள் இருப்போம். அவன் வெளியே அதே லாரியின் கதவுத் தகரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பான். "சர்ரக் சர்ரக்" என்று உப்புத்தாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடும். கையை நிறுத்தாமலேயே, "இப்ப எங்கடா கீறீங்க?" என்று கேட்பான். சொல்லுவோம். "இடது பக்கம் போவாதீங்கடா, அங்க ஈரமா கீதுன்னு போன வாரம் சொன்னான்ல" என்பான். எங்கள் மூவரையும்விட அவனுக்குத்தான் குகை முழுவதும் ஞாபகம் இருந்தது.

வகுப்பு சாரிடம் நான் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "பேர இன்னும் அடிக்கல. ஜூன்ல ஸ்கூல் தெறக்கும்போது வந்து உக்காந்துட்டான்னா பத்தாவதுக்கு ஏத்திடலாம். அதுக்கு மேல என் கையில இல்லப்பா" என்றார். அன்றிலிருந்து ஜூன் என்ற சொல் எனக்குள் ஒரு கல்போலக் கிடந்தது.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீரர்கள் கடைசியில் மதகை அடைந்தார்கள். அன்றைக்குப் பெரியவர் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார். சண்டைக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன்: காற்று எந்தப் பக்கம், எந்தக் கல் பெயரும், அடிபட்டால் அது எந்த வழியில் பறக்கும். ஆனால் சண்டைக்கு முன் அது ஒரு பேரம் பேச வேண்டும் என்று தோன்றியது. பேசத் தெரிந்த எதிரிக்குத்தான் பயப்பட முடியும் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். குரலைத் தாழ்த்தி, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்திப் பேசினேன்.

"தண்ணிய... எடுத்துக்கோங்க தம்பி. ரெண்டு பேரு... போலாம். ஒருத்தரு மட்டும் எங்கூட இருங்க. அடுத்த மழ வரைக்கும்."

இதை அவர்கள் மறுப்பார்கள், மறுத்ததும் நெருப்பு வரும் என்பதுதான் என் திட்டம். வெளியே உப்புத்தாள் நின்றது. அனஸின் முகம் ஜன்னலில் வந்தது. பட்டித் தூள் படிந்து புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"நான் இருக்கேன்" என்றான்.

"லூசாடா நீ?" என்றான் சதீஷ். "மூணு பேரும் சேந்தா அடிச்சிடலாம் மச்சான்."

"எப்டியும் நான்தான கயித்த புடிச்சிக்கினு வெளிய நிக்கிறேன். அதுக்கு உள்ள போய் ஒக்காந்தா இன்னா? நீங்க தண்ணிய எடுத்துக்கினு போங்க."

"அவரு உன்ன துன்னுட்டாருன்னா?"

"துன்ன மாட்டாரு" என்றான் அனஸ். மறுபடியும் உப்புத்தாள் ஓடத் தொடங்கியது.

அவன் வீரன் குகைக்குள் போனான். மற்ற இருவரும் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊர் கொண்டாடியது. யாருக்கும் அந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை.

எங்கள் மூவருக்கும் நடுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று. அனஸின் வீரனைக் குகையிலிருந்து மீட்டுவிட்டால் அனஸும் ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எங்களால் சொல்லியிருக்க முடியாது. முரளி கோயிலில் வேண்டிக்கொண்டான். வீரனுக்கா அனஸுக்கா என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். கதைக்குள் மழை எப்போது பெய்யும் என்று முடிவு செய்கிறவன் நான் என்பதால், மே மாதக் கடைசியில் பெய்ய வைப்பது என்று வைத்துக்கொண்டேன். மழை பெய்தாலும் பெரியவர் சும்மா விட்டுவிடக் கூடாது. சண்டை போட்டு மீட்டால்தான் அது மீட்பு என்பதில் சதீஷ் பிடிவாதமாக இருந்தான்.

அந்தக் கோடையில் என் டிராகனை மறுபடியும் கட்டினேன். வெல்ல முடிய வேண்டும், ஆனால் நான் விட்டுக்கொடுத்து அவர்கள் வெல்லக்கூடாது. பொய்யாக ஜெயித்தால் பலிக்காது என்று தோன்றியது. இரண்டு பேரால் அதை வெல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதன் மூச்சுத் தொட்டி எப்போது அடியோடு காலியாகிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்தவன், இத்தனை காலம் அதனோடு இருந்த அனஸின் வீரன் மட்டும்தான். கம்ப்ரஸர் பக்கத்தில் அனஸைத் தனியாக நிறுத்தி அதைச் சொன்னேன். "நான் எடுக்கிற வாஷர நீ மட்டும் பாக்கலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த மாதிரி சின்ன நம்பர் வந்தா தொட்டி சுத்தமா காலி. அப்ப 'இப்போ'ன்னு ஒரு வார்த்த சொல்லு. அவங்க அடிச்சிடுவாங்க." அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

என் அம்மாவுக்கு நான் எங்கே போகிறேன் என்பது சட்டையை முகர்ந்தாலே தெரிந்துவிடும். "மறுபடி பெயிண்ட் நாத்தம். அந்த ஷெட்டுல இன்னா பாடமா நடத்துறாங்க?" என்றாள், மே மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில். பிறகு, நான் செருப்பு மாட்டும்போது, "பாய்க்கு எப்டி கீதாம்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஷெட்டில் வேலை இல்லை. லாரியிலிருந்து கழற்றிய ஒரு நீளமான சீட்டைக் கூரை நிழலில் போட்டு, சலீம் பாய் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். எங்களைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினார். அனஸ் ரொம்ப நாள் கழித்து எங்களோடு கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தான். நாலு பேரும் உட்கார அந்த இடம் போதாமல் போயிருந்தது, எல்லோரும் வளர்ந்திருந்தோம்.

கதைக்குள் மழை பெய்தது. சதீஷும் முரளியும் கயிற்றைக் கட்டிக்கொண்டு மதகில் இறங்கினார்கள். நன்றாகவே ஆடினார்கள். ஒருவன் கல்லை உருட்டி அதன் கவனத்தைத் திருப்ப, மற்றவன் இறக்கைக்கு அடியில் போனான். பெரியவர் நெருப்பு விட்டார். முரளியின் கேடயம் உருகியது, தப்பித்தான். பிறகு நான் அந்தச் சத்தத்தைத் தொடங்கினேன். உள்ளே இழுக்கும்போது ஒன்றுமில்லை. வெளியே விடும்போது சன்னமாக, விசில்போல. வாஷர் எடுத்து, மற்றவர்களுக்கு மறைத்து, அனஸிடம் காட்டினேன். இரண்டு. இதைவிடக் காலியாக ஒரு தொட்டி இருக்க முடியாது.

மூச்சு வாங்க நான் நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கூரை நிழலிலிருந்து, அதே சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இப்போவாடா?" என்றான் சதீஷ், கத்தியை ஓங்கியவன்போலக் கையைத் தூக்கிக்கொண்டு. "டேய் அனசு, சொல்றா. இப்போவா?"

அனஸ் வாஷரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா, மறுபடி நெருப்பு வந்துடும்" என்றான் முரளி.

"சொல்ல மாட்டேன்."

"இன்னாடா சொல்ற?"

"அவருக்கு ஒடம்பு சரியில்ல. பாத்தா தெரியல உங்களுக்கு?" அனஸின் குரல் உயரவில்லை. "மூச்சு இல்லாதப்ப போய் அடிக்கிறதாம். நல்லா கீதே."

"டேய், அது டிராகன்டா."

"இருக்கட்டுமே."

சதீஷ் கையை இறக்கினான். அவனுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. "சரி, அடிக்கல. நீ வெளிய வந்துடு. கயிறு கீது. வா, போலாம். ஸ்கூலு தெறக்கப் போவுதுடா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் ஏதாவது சொல்ல வேண்டும். அது என் வேலை. விடுவதா, மறிப்பதா என்று எந்தப் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. நான் அந்தக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "மழ வந்துடிச்சி தம்பி... நீ இருக்கேன்னு சொன்னது முடிஞ்சிது. போ."

சொல்லும்போதுதான் அது யாருடைய குரல் என்று என் காதிலேயே விழுந்தது. "கைய வெச்சிராத தம்பி, பெயிண்ட் ஈரம்" என்று எத்தனையோ தடவை எங்களிடம் சொன்ன குரல்.

அனஸ் என்னைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் என்னிடம் பேசவில்லை.

"நான் போயிட்டா ராத்திரியில உங்களுக்கு தண்ணி யாரு குடுப்பாங்க?" என்றான்.

பல்லும் நகமும் இறக்கையும் நெருப்பும் கொடுத்து, பயமும் பேரமும் கொடுத்து, அடிக்க ஓர் இடமும் கொடுத்து நான் கட்டிய அந்தப் பெரிய உடம்பு, இதைக் கேட்டதும் என் வாய்க்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெளியிலிருந்து, "அனசு..." என்று கூப்பிட்டார் சலீம் பாய்.

"வர்றேன் வாப்பா." அனஸ் வாஷரை டப்பாவில் போட்டான். எங்கள் கால்களைத் தாண்டி, கேபினிலிருந்து குதித்துப் போனான். குடத்தில் டம்ளர் மோதும் சத்தம் கேட்டது.

"ஆட்டம் முடிஞ்சிதா?" என்று முரளி கேட்டான். நடத்துகிறவன்தான் அதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த லாரிக் கேபினிலும் நாங்கள் ஏறவுமில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் இரண்டு வாரம் வருகைப் பதிவில் அவன் பெயர் வரும்போது சார் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு அந்தப் பெயரைக் கூப்பிடுவதில்லை. சலீம் பாய் அதற்கப்புறம் இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தார். அவர் போன அன்று மசூதித் தெருவில் நாங்கள் மூன்று பேரும் ஓரமாக நின்றோம். அனஸ் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அவன் சட்டைக் கையில் ரெட் ஆக்ஸைடு கறை இருந்தது.

இப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். அப்பா சொன்னபடி பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. பேனாவைக்கூட இப்போது தூக்குவதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நகரத்துக்குள் ஒரு காபிக் கடையின் மாடியில், என்னைவிட வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். அவர்களிடம் கண்ணாடிபோல மின்னும் இருபது முகப் பகடைகள் இருக்கின்றன, முழுப் புத்தகமும் இருக்கிறது. புதிதாக நடத்த வருகிறவர்கள் டிராகனை எப்படிச் செய்வது என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். முதலில் கருகிய மரத்தைக் காட்டு, அப்புறம் அதைக் காட்டு என்று சொல்கிறேன். அது எதன்மேல் படுத்திருக்கிறது என்று முடிவு செய், அது இல்லாமல் யாருக்குக் கஷ்டம் என்று பார் என்று சொல்கிறேன். மூச்சு எப்போது தீரும் என்பதையும் சொல்லிக்கொடுக்கிறேன். மேசையில் என் டிராகன் நெருப்பு விட்டுத் தவிக்கத் தொடங்கியதும், அந்தச் சன்னமான விசில் கேட்டதும், பிள்ளைகள் உற்சாகத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள், பகடைகள் படபடவென்று விழுகின்றன, டிராகன் செத்துப்போகிறது. ஆட்டம் அப்படித்தான் ஆட வேண்டும், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சத்தத்தை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பழக்கம் என்றேன்.

போன மாதம் குமணன்சாவடி வழியாகப் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தேன். மண்பாதை இல்லை. ஷெட் இருந்த இடத்தின் ஓரமாக மெட்ரோவுக்கான பெரிய தூண் எழும்பி நிற்கிறது, மீதியில் கம்பிகளும் தகர வேலியும். கண் எரியவே இல்லை. அங்கே நின்றுகொண்டே அனஸுக்கு போன் செய்தேன். ஷெட்டைத் திருமழிசைப் பக்கம் மாற்றி ரொம்ப நாளாகிறது என்றான். கல்யாணமாகி ஒரு பையன் இருப்பது எனக்குத் தெரியும். அவனைப் பற்றிக் கேட்டேன். "ஸ்கூலுக்குப் போறான். ஷெட்டுக்குள்ள உடறதில்ல" என்றான்.

பிறகு வாஷர்களைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா?" சிரித்தான். "ஒரு தபா வாஷர் பத்தல மாமே. எடுத்துப் போட்டுட்டேன். எந்தெந்த லாரியிலயோ ஓடிக்கினு கீது."

பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி தரை அதிரப் போனது. அது போகும் வரை இருவரும் காத்திருந்தோம்.

"இன்னும் அந்த ஆட்டம் ஆடறியாமே. முரளி சொன்னான்" என்றான்.

"ஆமாடா. எப்பவாச்சும்."

அவன் பக்கத்தில் ஸ்ப்ரே கன்னின் சீறல் மெலிந்துகொண்டே போவது கேட்டது.

"பெரியவரு எப்டி கீறாரு?" என்று கேட்டான்.

"இருக்காரு."

"இழுப்பு?"

"அது அப்படியேதான் இருக்கு."

கம்ப்ரஸர் மோட்டார் தடதடவென்று கிளம்பியது. அந்த இரைச்சலுக்கு மேல் அவன் சொன்ன கடைசி வார்த்தை எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"பாத்துக்கோடா."